மிஸ், எப்ப போவீங்க?

2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள், விடிவதற்கு முன்னரே வெள்ளவத்தையிலுள்ள எமது வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அந்த வேளையில் தொலைபேசி ஒலித்தால் ஒன்றில் மரணச் செய்தியாக இருக்கும். அல்லது நேர வித்தியாசத்தை மறந்துவிட்ட கனடா உறவினராக இருக்கும். நல்லவேளையாக அன்று இரண்டாவது. ஸ்காபரோவில் வசிக்கும் எனது தங்கை பேசினாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவளது பேத்தி இலங்கைக்கு வருகிறாளாம். முதல் இரண்டு இரவுகள் எங்களுடன் தங்குவாளாம்.

"கலியாணவீடு ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணா. கண்டியிலை ஒரு மாதம் தொண்டுவேலை செய்யப் போறாளாம். காசும் கட்டிப்போட்டாள்."

தொண்டு செய்வதற்கு ஏன் காசு கட்டவேண்டும் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் வந்து சேர்ந்த பின்னர்தான் விளங்கியது. வெளிநாடொன்றிலிருந்து இயங்கும் முகவர் நிறுவனம் ஒன்று, விமானச் சீட்டு நீங்கலாக, ஏறத்தாழ 2,000 கனேடிய டொலரை அவளிடம் பெற்றுக்கொண்டு, கண்டிக்கு அருகிலுள்ள ஒரு சிறுவர் இல்லத்தில் ஆங்கிலம் கற்பிப்பதற்கு நான்கு வாரம் ஒழுங்கு செய்து கொடுத்திருந்தது. அந்தப் பணத்தை அவள் பெற்றோரிடம் வாங்கவில்லை. இரண்டு கோடை விடுமுறைகளில் கடையொன்றில் நின்று உழைத்துச் சேர்த்திருந்தாள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எதுவும் அந்தப் பிள்ளையின் நல்ல மனத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்காக அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிறுவனம் அனுப்பியிருந்த வழிகாட்டிக் கையேட்டை என்னிடம் காட்டினாள். நுளம்புக்கு என்ன பூசவேண்டும், விகாரைக்குள் எப்படி உடுத்திச் செல்லவேண்டும், யானையைப் பார்ப்பதற்கு எந்தச் சனிக்கிழமை அழைத்துச் செல்வார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. நான் ஒரேயொரு கேள்வி கேட்டேன்.

"பிள்ளை, அந்தச் சிறுவர்கள் என்ன மொழி பேசுவினம்?"

"சிங்களமாத்தான் இருக்கும் தாத்தா. கண்டிதானே?" என்றாள். பின்னர் கையேட்டை மீண்டும் புரட்டினாள். அதில் இந்தக் கேள்விக்கு விடை இருக்கவில்லை.

ஜூலை 13ஆம் திகதி சனிக்கிழமை அவளுடன் நானும் கண்டிக்குப் புறப்பட்டேன். கோட்டை நிலையத்திலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தூரம். இந்தப் பாதை 1867ஆம் ஆண்டில் கண்டியை எட்டியது. மலைநாட்டின் கோப்பியைத் துறைமுகத்திற்கு இறக்குவதற்காகவே வெள்ளையர் அதனை அமைத்தனர். அதே ஆண்டில் கண்டிக்கு அப்பால் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். ரம்புக்கனையைக் கடந்து வண்டி ஏறத் தொடங்கியதும் பேத்தி யன்னலோரத்தை விட்டு நகரவில்லை. தமிழகத்து நாட்டார் பாடல்கள் 'கண்டிச் சீமை' என்று சொல்வது இந்த மலைகளைத்தான் என்றும், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்துவந்தவர்களின் சந்ததியினர் இன்னமும் இந்த மலைகளில் வாழ்கின்றனர் என்றும், அவர்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவடைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தனர் என்றும் சொன்னேன். அவளுக்கு இது புதுச் செய்தி. தமிழர் என்றால் யாழ்ப்பாணம், வன்னி, பிறகு வெள்ளவத்தை என்பதுதான் அவள் வீட்டில் கேட்டு வளர்ந்த புவியியல். குற்றம் அவளுடையதல்ல, அந்த வீட்டில் நாங்களும் இருந்திருக்கிறோம்.

கண்டியில் இறங்கி ஏரிக்கரையில் நடந்தோம். அந்த ஏரியை வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வம்சத்தவன். 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்துடன் அவனது அரசு முடிந்தது. வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். தலதா மாளிகைக்கு அருகிலேயே விஷ்ணுவுக்கும் பத்தினித் தெய்வத்திற்கும் தேவாலயங்கள் இருக்கின்றன. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இந்த நகரத்தை ஓர் இனத்திற்கும் ஒரு மொழிக்கும் மாத்திரம் உரியதாகக் காட்டுவது சுற்றுலாக் கையேடுகளுக்கு வசதியாக இருக்கலாம். வரலாறு அதற்கு இடங்கொடுக்கவில்லை.

அந்த ஏரிக்கரையில் எனக்கு நினைவு வந்தவர் றொபேட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவில் தந்தையுடன் பிடிபட்டு, கண்டி அரசனின் ஆட்சிப்பகுதியில் 19 ஆண்டுகள் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயக் கப்பலோட்டி. சிறையில் அடைக்கப்படவில்லை, கிராமத்தில் விடப்பட்டார். தொப்பி பின்னி விற்றார். கோழி வளர்த்தார். நெல்லைக் கடனுக்குக் கொடுத்தார். ஊரின் மொழியைக் கற்றார். 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் அவர் வெளியிட்ட நூல் அக்காலக் கண்டி மக்களின் வாழ்வைப் பற்றிய முதன்மையான ஆவணமாக இன்றும் பேசப்படுகிறது. வரவிரும்பாமல் வந்த மனிதர் 19 ஆண்டுகளில் கற்றதை, விரும்பி வருபவர்கள் நான்கு வாரங்களில் கற்பிக்க வருகிறார்கள் என்று பேத்தியிடம் பகிடியாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. களைத்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளைத் தங்குமிடத்தில் சேர்த்துவிட்டு நான் கொழும்பு திரும்பினேன். திங்கட்கிழமை தொடக்கம் ஒவ்வோர் இரவும் அழைப்பு வந்தது.

முதல் நாள் மகிழ்ச்சி. பிள்ளைகள் வெற்றிலை கொடுத்து வரவேற்றார்களாம், பாட்டுப் பாடினார்களாம். பாட்டு ஆங்கிலப் பாட்டு. தான் மறுநாள் கற்பிக்கவென்று ஆயத்தம் செய்துவந்த அதே பாட்டு. தலை, தோள், முழங்கால் என்று தொட்டுக் காட்டிப் பாடும் சிறுவர் பாடல். பிள்ளைகள் அதனை ஒரு பிழையுமின்றிப் பாடினார்கள்.

இரண்டாம் நாள் அவள் ஒரு சிறுமியின் அப்பியாசக் கொப்பியைப் புரட்டியிருக்கிறாள். முதற் பக்கத்தில் உடல் உறுப்புகளின் ஆங்கிலப் பெயர்கள். சில பக்கங்கள் தள்ளி, வேறொருவரின் கையெழுத்தில், அதே உறுப்புகள். இன்னும் சில பக்கங்கள் தள்ளி, மூன்றாவது கையெழுத்தில், மீண்டும் அதே. ஒவ்வொன்றுக்கும் மேலே திகதி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு நட்சத்திர ஒட்டி. ஒரு தொண்டர் போக இன்னொரு தொண்டர் வர, அந்தப் பிள்ளைகள் ஒரே முதலாம் பாடத்தை மீண்டும் மீண்டும் படித்திருக்கிறார்கள். இரண்டாம் பாடத்தை எவரும் கண்டதில்லை.

மூன்றாம் நாள் இரவு அவளது குரல் மாறியிருந்தது. முற்றத்தில் நின்று என்னுடன் தமிழில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மெல்ல அருகே வந்திருக்கிறாள். இந்த மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியும் என்பதை அந்த இல்லத்தில் முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். பெயரைக் கேட்பாள், ஊரைக் கேட்பாள் என்று பேத்தி காத்திருக்க, அந்தப் பிள்ளை கேட்டது ஒன்றைத்தான்.

"மிஸ், எப்ப போவீங்க?"

"தாத்தா, நான் வந்து மூண்டு நாள்தான். அதுக்குள்ளை எப்ப போவீங்க எண்டு கேக்கிறாள்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அந்தச் சிறுமியின் கேள்வியில் கோபம் இருக்கவில்லையாம். மழை எப்போது விடும் என்று கேட்பதுபோல் கேட்டாளாம்.

பேத்தி விசாரித்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. அந்தச் சிறுமி அநாதையல்ல. தோட்டத்து லயத்தில் பாட்டி இருக்கிறாள். தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண். அங்கிருந்த பிள்ளைகளில் அநேகருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள். வறுமை, குடி, மறுமணம், பாடசாலை தூரம் ஆகிய காரணங்களே அவர்களை இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்திருந்தன.

இது அந்த ஓர் இல்லத்தின் கதையல்ல. உலகெங்கும் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் உயிருடன் இருக்கிறார் என்பதைச் சிறுவர் நல அமைப்புகள் நீண்ட காலமாகவே சொல்லிவருகின்றன. வெளிநாட்டுத் தொண்டர்களின் பணம் வரத் தொடங்கினால், சில நாடுகளில் இல்லங்களை நிரப்புவதற்காகவே பிள்ளைகள் தேடப்படுகிறார்கள். அவுஸ்திரேலிய நாடாளுமன்றக் குழுவொன்று நவீன அடிமைத்தனம் பற்றி 2017இல் நடத்திய விசாரணையில் இந்த விடயத்தையும் எடுத்து ஆராய்ந்தது. 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சிறுவர் உரிமைகள் பற்றி நிறைவேற்றிய தீர்மானத்திலும் அநாதை இல்லங்களுக்கான தொண்டர் சுற்றுலாவின் தீங்கு சுட்டிக்காட்டப்பட்டது. கண்டி இல்லத்தில் அத்தகைய குற்றம் எதுவும் நடக்கவில்லை. அங்கே நடந்தது அதைவிடச் சிறியது. ஆனால் ஒரு பிள்ளைக்குச் சிறியதல்ல. நேசிக்கப் பழகுவதும் இழக்கப் பழகுவதும் அவளுக்கு மாதாந்த வழக்கமாகிவிட்டிருந்தது.

இதனை எழுதும்போது என் பங்கையும் மறைக்கக்கூடாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது நான் பத்திரிகையில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். 30,000இற்கும் மேற்பட்டோர் இந்த நாட்டில் மாண்டனர். அடுத்த வாரங்களில் உலகெங்குமிருந்து தொண்டர்கள் வந்து குவிந்தனர். கிழக்குக் கரையோரத்தில் ஒரு நலன்புரி நிலையத்தில், தாயை இழந்த ஒரு சிறுவனைத் தோளில் சுமந்தபடி நின்ற ஐரோப்பிய இளைஞனைப் பற்றி நான் அரைப்பக்கக் கட்டுரை எழுதினேன். படமும் வந்தது. பலர் பாராட்டினார்கள். ஆறு மாதங்கள் கழித்து வேறொரு செய்திக்காக அதே இடத்திற்குப் போனபோது அந்தச் சிறுவன் என்னை அடையாளம் கண்டு ஓடிவந்தான். "அந்த மாமா எங்க?" என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் அவனுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். அந்த இரண்டாவது சந்திப்பைப் பற்றி நான் அப்போது எதுவும் எழுதவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

அதற்கும் முந்திய அனுபவம் ஒன்றுண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது, கொட்டாஞ்சேனை இளைஞர் சிலர் வீடுவீடாகச் சென்று உடுப்புச் சேர்த்து, லொறியொன்றில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். வழியெல்லாம் விழுந்து கிடந்த தென்னைகளைக் கடந்து ஒரு கிராமத்தை அடைந்தோம். இஸ்திரி போட்ட சேட்டுகளை நாங்கள் பெருமிதத்துடன் அடுக்கி வைக்க, ஒரு மூதாட்டி அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நெருப்புப்பெட்டி கொண்டு வந்தீங்களா மனே?" என்று கேட்டார். எங்களில் எவரிடமும் நெருப்புப்பெட்டி இருக்கவில்லை. சிகரெட் பிடிக்கும் நண்பன் ஒருவனிடம் இருந்த பாதிப் பெட்டியைத் தவிர. மழையில் நனைந்த ஊரில் அடுப்பு மூட்ட வழியில்லாமல் இருந்த மக்களுக்கு நாங்கள் சேட்டு கொண்டுபோயிருந்தோம். தொண்டு பற்றி நான் கற்ற முதற் பாடம் அது. பேத்தியைப் போலவே நானும் என்ன தேவை என்று கேளாமல் போனவன்தான்.

அப்படியானால் வெளியூர்த் தொண்டு கூடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். 1968 ஏப்ரலில், மெக்சிகோவில் கோடைத் தொண்டு செய்யவிருந்த அமெரிக்க மாணவர்கள் முன்னால் இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவரது வாதத்தின் சாரம். அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் அந்த உரை இளந்தொண்டர்களைச் சுடுகிறது. எனினும் நான் அவர் சென்ற தூரம் வரை செல்ல விரும்பவில்லை.

ஏனெனில் நல்ல முன்மாதிரிகளும் உண்டு. முதலாம் உலகப் போருக்குப் பின்னர், 1920இல், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரசோல் என்பவர் பல நாட்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வேர்டனுக்கு அருகே சிதைந்து கிடந்த பிரெஞ்சுக் கிராமமொன்றைக் கட்டியெழுப்பச் சென்றார். அவர் கொண்டுசென்றது மண்வெட்டி. 1934இல் பீகாரில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அவர் அங்கும் வந்து வேலை செய்தார். எமது நாட்டில், 1958இல், கொழும்பு நாளந்தா கல்லூரியின் இளம் ஆசிரியராயிருந்த ஏ.ரி. ஆரியரத்ன, சாதியால் ஒதுக்கப்பட்டிருந்த கனத்தொலுவ கிராமத்திற்குத் தம் மாணவர்களை அழைத்துச் சென்றார். சர்வோதய இயக்கம் அங்குதான் பிறந்தது. சிரமதானம் என்ற சொல்லை இந்த நாட்டின் சிறுபிள்ளைக்கும் பழக்கப்படுத்திய அந்த மனிதர் 2024 ஏப்ரலில் மறைந்தார். கண்டியிலேயே, இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இல் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கித் தோட்டத் தொழிலாளரின் உரிமைகளுக்காகப் பல தசாப்தங்கள் உழைத்தார். இவர்களெல்லோரும் ஊரவர்களின் தேவையைக் கேட்டு, ஊரவர்களுடன் சேர்ந்து, செய்யத் தெரிந்த வேலையைச் செய்தார்கள். அந்த வேலை அவர்கள் போன பின்னரும் நின்றது.

கண்டி இல்லத்திற்கு ஆங்கிலம் கற்பிக்க ஆள் வேண்டுமென்றால், சில மைல்களுக்கு அப்பால் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. என் பேத்தி கட்டிய பணத்தில் உள்ளூர்ப் பட்டதாரி ஒருவருக்குப் பல மாதங்களுக்கு மாலைநேரச் சம்பளம் கொடுக்கலாம். அவர் இரண்டாம் பாடத்திற்கும் போவார், இருபதாம் பாடத்திற்கும் போவார்.

நான்காம் நாள் பேத்தியிடம் ஒன்று சொன்னேன்: "நாளைக்கு வகுப்புக்கு முன்னம் இல்லத்தின் பொறுப்பாளரைச் சந்தி. உங்களுக்கு உண்மையிலே என்ன வேணும் எண்டு கேள். அவ சொல்லும் வரைக்கும் நீ ஒண்டும் சொல்லாதை."

பொறுப்பாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண்மணி. இத்தனை ஆண்டுகளில் தொண்டர் ஒருவர் இப்படிக் கேட்பது இதுவே முதல் தடவை என்று சொல்லி முதலில் சிரித்தாராம். பிறகு ஓர் அலுமாரியைத் திறந்து காட்டினாராம். ஒன்றில் வர்ணப்பென்சில் பெட்டிகள், திறக்கப்படாமலே, தட்டு நிறைய. இன்னொன்றில் கோவைகள். பிள்ளைகளைக் குடும்பங்களுடன் மீளச் சேர்ப்பதற்கு நன்னடத்தைத் திணைக்களத்துடனும் பெற்றோருடனும் கடிதத் தொடர்பு வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளின் குடும்பங்களுக்குச் சிங்களத்தில் கடிதம் போகிறது, அவர்களால் வாசிக்க முடிவதில்லை, பதில் வருவதில்லை, கோவை அப்படியே கிடக்கிறது. தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தினால் அரசகரும மொழியாகிவிட்டது. அந்த அலுமாரிக்குள் அது இன்னும் நுழையவில்லை. தமிழில் எழுதவும் தொலைபேசியில் பேசவும் ஓர் ஆள் கிடைத்தால் பெரிய உதவி என்றார் அந்தப் பெண்மணி.

இங்கேதான் என் பேத்தி தலைகுனிந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ரொறன்ரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை ஒன்பது வயதில் நீச்சல் வகுப்புக்காக விட்டவள். ஆங்கிலம் கற்பிக்கவென்று 2,000 டொலர் கட்டி வந்தவளிடம் அந்த இல்லம் கேட்டது, அவளது வீட்டிலேயே இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றை.

செய்யக்கூடியதைச் செய்தாள். கடிதத்தை அவள் சொல்ல, பெரிய பிள்ளைகளில் எழுதத் தெரிந்த ஒருத்தி எழுதினாள். எழுத்துப்பிழைகளை இரவில் தொலைபேசியில் நான் திருத்தினேன். பாட்டிமாருக்கும் தாய்மாருக்கும் அழைப்பு எடுத்து, பொறுப்பாளர் சொல்வதைத் தமிழில் சொன்னாள். நான்கு வாரத்தில் பதினொரு குடும்பங்களுடன் தொடர்பு கிடைத்தது. ஒரு பிள்ளையும் இதனால் வீடு திரும்பிவிடவில்லை. அவ்வளவு எளிதான காரியமல்ல அது. ஒன்பது வயதுச் சிறுமியின் தாய் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்பெடுத்து மகளுடன் முக்கால் மணிநேரம் பேசினாள். அதற்கு முன்னர் அவர்கள் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சிறுமியின் கேள்விக்கு அவள் ஐந்தாம் நாளே பதில் சொல்லிவிட்டாள். கரும்பலகையில் 'ஆகஸ்ட் 10, சனிக்கிழமை' என்று எழுதி, அன்று தான் கனடா போவதாகவும், திரும்பி வருவதாக வாக்குக் கொடுக்க இயலாது என்றும் எல்லோருக்கும் சொன்னாளாம். அதன் பிறகு எவரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. யானை பார்க்கும் சனிக்கிழமைக்கு அவள் போகவில்லை. பெரஹரா தொடங்கும் வேளையில் கண்டி விழாக்கோலம் பூண்டுகொண்டிருக்க, அவள் புகையிரதத்தில் இறங்கி வந்துவிட்டாள்.

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து இதனை வாசிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் ஊருக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டால் தடுக்காதீர்கள். ஆனால் காசு கட்டுவதற்கு முன்னர் கேளுங்கள்: இந்த வேலையைக் கேட்டது யார்? இதைச் செய்ய அங்கே ஒருவர் இல்லையா? என் பிள்ளை போன பின்னர் அந்த வேலையைத் தொடர்வது யார்? சிறுபிள்ளைகளிடம் பழகும் வேலையாயின், குறுகிய காலத்திற்கு வேண்டவே வேண்டாம். கோவைகளை ஒழுங்குபடுத்தலாம், மொழிபெயர்க்கலாம், கணக்கு எழுதலாம், கூரை திருத்தலாம். அவற்றுக்கு முன்னால் நின்று படம் எடுக்க முடியாது என்பது உண்மைதான்.

வெள்ளவத்தையில் கடைசி இரவு, சாப்பாட்டு மேசையில் பேத்தி ஒரு கொப்பியை விரித்து வைத்திருந்தாள். மேலே 'அ' என்று தொடங்கி வரிசையாக எழுதியிருந்தது. இல்லத்துப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததாம். 'ழ'கர வரிசையில் மட்டும் அவளது கை இன்னும் தடுமாறிக்கொண்டிருந்தது. விமானத்திற்கு ஆறு மணிநேரம் இருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்துக் கதிரையில் அமர்ந்தேன்.